பல்லில் பிடித்த பறி

காலையில் எழுந்ததும் தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு முழங்காலையும் மடக்கி, இடுப்புக்குப் பின்னால் இருக்கும் குழிவைத் தரையோடு அழுத்துவேன். பத்து எண்ணும்வரை அப்படியே இருக்க வேண்டும். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் எண்ணுவேன். நண்டோ இறாலோ எண்ணும்போது எங்கள் பக்கத்தில் முதலாவதை ஒன்று என்று சொல்ல வாய் வராது, லாபம் என்பார்கள். என் முதுகுவலிக்கும் என் அண்ணி அதே முறையில்தான் எண்ணினாள். என் அண்ணனின் மனைவி. இப்போது அனுப்பம்பட்டில், ரயில் போகும் சத்தம் கேட்கும் தூரத்தில், சின்ன மகன் வீட்டில் இருக்கிறாள். நான் இங்கே ஏரிக்கரையில். ஆனாலும் எட்டு எண்ணும் இடத்தில் அவள் கொட்டாவி விடும் சத்தம் என் காதில் விழாத காலை இல்லை. அந்தச் சத்தத்துக்காகவே நான் ஒரு நாளும் இந்தப் பயிற்சியை விடுவதில்லை என்று சொன்னால் இதைச் சொல்லிக்கொடுத்த டாக்டரம்மா கோபித்துக்கொள்வாள்.

எங்கள் வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். பழவேற்காடு ஏரியில் வலையும் இல்லாமல் படகும் இல்லாமல் கையால் இறால் பிடிக்கிறவர்கள் நாங்கள். ஆழம் குறைந்த இடத்தில் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, தலை மட்டும் வெளியே தெரிய, அடியில் இருக்கும் சேற்றை இரண்டு கையாலும் தடவியபடியே நகர்ந்து போவோம். விரலுக்கடியில் இறால் துள்ளும். துள்ளியதும் அமுக்க வேண்டும். அமுக்கியதை எங்கே போடுவது? இரண்டு கையும்தான் வேலையில் இருக்கிறதே. அதற்குத்தான் பறி. பனையோலையில் முடைந்த பை அது. அதன் விளிம்பைப் பல்லில் கவ்விக்கொள்வோம். பிடித்ததை மோவாய்க்குக் கீழே கொண்டுவந்து உள்ளே போட்டுவிட்டுக் கை மறுபடி சேற்றுக்குப் போய்விடும்.

பறியைப் பல்லில் பிடிப்பது எங்களுக்குப் பெரிய கௌரவம். புதிதாகத் தண்ணீரில் இறங்கும் சிறு பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்வார்கள், அவர்களைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். அண்ணி அந்த வித்தையில் ராணி. நிறைந்த பறியைக் கைபடாமல் கரை வரைக்கும் பல்லிலேயே கொண்டுவந்து சேர்ப்பாள். தாடையை இப்படி ஒரு பக்கம் திருப்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் தண்ணீரிலிருந்து எழுந்து வரும் அழகை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

வாயில் பறி இருந்தால் பேச முடியாது. அண்ணியும் நானும் இருபத்தைந்து வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இறால் தடவினோம், தண்ணீருக்குள் ஒரு வார்த்தை பேசியதில்லை. 'ம்' என்றால் இந்தப் பக்கம் வா என்று அர்த்தம். 'ம்ம்ம்' என்று நீட்டினால் கெளுத்தி முள் குத்திவிட்டது. அந்த இரண்டை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டினோம். கரைக்கு வந்ததும் சண்டை போட்டுக்கொள்வோம், அது வேறு விஷயம்.

எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது ஒரு மார்கழி மாதம். தண்ணீரில் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. எழுந்து நிற்கப் பார்த்தேன், பாதியில் நின்றுவிட்டேன். இடுப்புக்கு மேலே யாரோ கத்தியை வைத்துத் திருகியதுபோல ஒரு வலி, அது அப்படியே முதுகுத்தண்டு வழியாக ஏறிப் பிடரியில் போய் உட்கார்ந்துகொண்டது. பறி வாயிலிருந்து விழுந்துவிட்டது. இறாலெல்லாம் போய்விட்டது. அண்ணிதான் தன் பறியையும் பிடித்துக்கொண்டு என்னையும் தாங்கிக்கொண்டு கரைக்கு இழுத்து வந்தாள்.

"இன்னாத்துக்குடி அழுவுறே? குப்புறப் படு, ஒரு உதை வுட்டா போயிடும்" என்றாள்.

அது வேடிக்கைப் பேச்சு இல்லை. அண்ணி பிறக்கும்போது தலை வராமல் கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் உதைத்தால் சுளுக்கும் பிடிப்பும் போய்விடும் என்று எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் நம்பிக்கை. யாருக்கு முதுகு பிடித்தாலும் அண்ணி வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். பசியாவரத்திலிருந்து படகேறி வந்தவர்கள்கூட உண்டு. அவர்களைக் குப்புறப் படுக்க வைத்து, வலது கால் கட்டைவிரலால் முதுகில் மூன்று முறை உதைப்பாள். உதை என்றால் பலமாக இல்லை, ஒரு தட்டு, அவ்வளவுதான். எழுந்து நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். யாரிடமும் ஒன்றும் வாங்க மாட்டாள். 'என் காலுக்குக் கடவுள் குடுத்தது' என்று சொல்லிச் சிரிப்பாள்.

எனக்கும் மூன்று முறை உதைத்தாள். போகவில்லை. மறுநாளும் உதைத்தாள். மூன்றாம் நாள் உதைத்தபோது நான் வலி தாங்காமல், "போதும் வுடு அண்ணி, உன் காலுல ஒண்ணும் கெடையாது" என்று கத்திவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு வாய்தான் சத்துரு, என் நைனாவே அப்படித்தான் சொல்வார். அண்ணி முகம் சுண்டிப்போய் எழுந்தாள். "உனக்கு நம்பிக்கை இல்லடி, அதான் போவல" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். நாலு நாள் வரவே இல்லை.

அதற்குப் பிறகு செய்யாத வைத்தியம் இல்லை. எண்ணெய் போட்டு உருவினார்கள். மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டேன். பழைய புடவையைக் கிழித்து இடுப்பை மூச்சு முட்டக் கட்டிக்கொண்டேன். யாரோ கட்டாந்தரையில் அசையாமல் கிட என்றார்கள், அதையும் செய்தேன். ஒரு மாதம் படுக்கை. காலையில் மற்ற பெண்கள் தண்ணீருக்குப் போகும்போது என் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன் பாருங்கள், வலியைவிட அதுதான் என்னைக் கொன்றது. பார்க்க வந்தவர்களெல்லாம் ஒரே பல்லவி: இனிமேல் தண்ணீர் ஆகாது, வீட்டோடு இரு. வீட்டோடு இருந்தால் நான் என்ன செய்வேன்? வீட்டுக்காரரைத் திட்டுவேன், கோழியைத் திட்டுவேன். பதினாறு வயதிலிருந்து அந்தத் தண்ணீரில் உட்கார்ந்தவள் நான். மறுபடி இறங்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம் ஒன்றுதான் அந்த மாதம் முழுக்க என் நெஞ்சில் இருந்தது. வேறு எதையும் நினைக்கவில்லை.

அப்போதுதான் பழவேற்காடு ஊருக்குள் பிசியோதெரபி செய்கிற பெண் ஒருத்தி செவ்வாயும் சனியும் வருகிறாள் என்று கேள்விப்பட்டேன். பழைய மரைக்காயர் வீடொன்றின் முன்னறையை அவளுக்கு விட்டிருந்தார்கள். உயரமான கூரை, சில்லென்ற தரை. ஒரு கட்டில், தரையில் ஒரு பாய், சுவரில் முதுகெலும்புப் படம், வெந்நீர் ஒத்தடத்துக்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான் அங்கே இருந்த சாமான். முப்பது வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, டாக்டரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். சென்னையிலிருந்து பொன்னேரிக்கு ரயிலில் வந்து, அங்கிருந்து திருப்பாலைவனம் வழியாக வரும் பஸ்ஸைப் பிடித்து வருவாள். பஸ் வராத அன்று ஷேர் ஆட்டோவில் குலுங்கி வந்து நிற்பவளைப் பார்த்தால், எங்களுக்கெல்லாம் முன்னால் அவள் முதுகைத்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றும்.

முதல் நாள் நான் அவளிடம் மரியாதையாகவே பேசவில்லை.

"எவ்ளோ நாளா வலிக்குதுக்கா?"

"வலிக்கிறதுலேந்து."

அவள் கோபப்படவில்லை. நான் பொன்னேரியில் எடுத்து வைத்திருந்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். மருந்துக்கடையில் எலும்பு தேய்ந்துவிட்டது என்று சொல்லியிருந்தார்கள், அதைச் சொல்லி அழுதேன். "இந்தத் தேய்மானம் இந்த வயசுல பாதிப் பேருக்கு இருக்கும். இதுக்காக யாரும் படுத்துடறதில்ல. படுத்தே கெடந்தீங்க பாருங்க, அதுலதான் சதையெல்லாம் இறுகிப் போயிருக்கு" என்றாள். என் முதுகில் விரலை வைத்து ஒவ்வொரு கண்ணியாக அழுத்திக்கொண்டே கீழே வந்தாள். பிடரியிலிருந்து இடுப்பு வரைக்கும் எல்லாம் ஒரே சங்கிலி, ஒரு இடத்தில் இழுபட்டால் வேறு இடத்தில் வலிக்கும், வலிக்கிற இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தால் பிரயோஜனமில்லை என்றாள். இது எனக்கு விளங்கியது. வலையை ஒரு முனையில் இழுத்தால் மறு முனையில் முடிச்சு இறுகுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு வேலையைப் பற்றிக் கேட்டாள்.

"கனமா ஏதாச்சும் தூக்குவீங்களா?"

"இல்ல."

"தலைல சுமப்பீங்களா?"

"அதெல்லாம் ஆம்பளைங்க வந்து எடுத்துக்கினு போயிடுவாங்க. நான் தண்ணியில உக்காந்து எறா தடவுறேன், அவ்ளோதான்."

பொய் சொல்லவில்லை. எங்களில் யாரைக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். தலையில் வைத்தால் சுமை, இடுப்பில் வைத்தால் சுமை. பல்லில் இருப்பதைச் சுமை என்று எங்கள் ஊரில் யாரும் நினைத்ததில்லை. அவளும் எழுதிக்கொண்டாள்: சுமை தூக்குவதில்லை.

பயிற்சிகளைப் படம் போட்ட ஒரு தாளில் கொடுத்தாள். அடுத்த முறை நான் போகும்போது அண்ணியும் கூடவே கிளம்பினாள். என்மேல் கோபம் தீர்ந்து வரவில்லை. "என் காலைவிட உசத்தியான கை எதுன்னு நானும் பாக்கறேன்" என்று வந்தாள். அறையின் மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, டாக்டரம்மா செய்ததையெல்லாம் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். முழங்காலை மடக்கிப் படுத்து இடுப்பை மேலே தூக்குவது, நான்கு காலில் நின்று பூனை மாதிரி முதுகை வளைப்பது, மோவாயை உள்ளே இழுப்பது. "இதுக்கா அவ்ளோ தூரம் ரயிலேறி வந்தே?" என்று கேட்டுவிட்டாள். டாக்டரம்மா சிரித்துவிட்டு, "நீங்க ஒரு ஹெல்ப் பண்ணுங்கக்கா, வீட்டுல இவங்களுக்குப் பத்து எண்ணுங்க. இவங்க தானா எண்ணினா அஞ்சுலயே எழுந்துடறாங்க" என்றாள்.

அன்றிலிருந்து தினம் தண்ணீருக்குப் போய்வந்த ஈரப் புடவையோடு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். "லாபம், ரெண்டு, மூணு." நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் வெற்றிலை போடுவாள். எட்டில் கொட்டாவி. நான் இடுப்பைத் தூக்கிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருப்பேன், அவள் பாட்டுக்கு யாருக்குப் பெரிய இறால் கிடைத்தது என்று கதை சொல்லிக்கொண்டிருப்பாள். "எண்ணித் தொலையேன் அண்ணி!" என்று கத்துவேன். "இன்னா அவசரம், பத்து எங்க ஓடப் போவுது?" என்பாள்.

இன்னொரு கூத்து. எங்கள் பக்கத்தில் பட்டப்பகலில் நடுவீட்டில் யாரும் மல்லாந்து படுப்பதில்லை. படுத்தால் ஒன்று காய்ச்சல், இல்லையென்றால் அதற்கு மேலே. ஒரு நாள் நான் கண்ணை மூடி, கையை வயிற்றில் வைத்து மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். அண்ணி பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தவள் "ஐயோ, போய்ட்டியாடி!" என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். எழுந்து உட்கார்ந்து அவளைத் திட்டினேன். அப்படி வேகமாக எழுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது என்பது திட்டி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

உண்மையாகவே இடுப்பு இளகியிருந்தது. நடந்தேன், குனிந்தேன், கோலம் போட்டேன். ஆனால் பிடரியிலும் இரண்டு தோளுக்கு நடுவிலும் இருந்த வலி மட்டும் போகவில்லை. துணிந்து ஒரு நாள் தண்ணீரில் இறங்கினேன். ஒரு மணி நேரத்தில் வலி பிடரியில் கிளம்பி இடுப்பு வரைக்கும் வந்துவிட்டது. மறுபடி நாலு நாள் படுக்கை. அடுத்த சனிக்கிழமை டாக்டரம்மா முன்னால் நின்று, "உன் படத்தையெல்லாம் நீயே வெச்சிக்கோ, தாயி" என்று அந்தத் தாளைக் கட்டிலில் எறிந்தேன்.

அவள் தாளை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு, "அக்கா, நான் ஒரு தடவைகூட உங்க வேலையைப் பாத்ததில்ல. இங்கயே செஞ்சு காட்டுங்க" என்றாள்.

"தண்ணியில்லாம எப்டி?"

"இருக்கற மாதிரி நெனச்சுக்கோங்க."

சரிதான் போ என்று அந்தத் தரையில் உட்கார்ந்தேன். கையை விரித்துத் தடவினேன். ஒரு அடி நகர்ந்தேன். ஏதோ ஒன்று குறைந்தது. வாய் சும்மா இருந்தால் கை ஓடவில்லை. சுற்றிப் பார்த்தேன். நாற்காலியில் அவள் கைப்பை இருந்தது. சட்டென்று அதை எடுத்து, அதன் பிடியைப் பல்லில் கவ்விக்கொண்டு, மளமளவென்று தடவத் தொடங்கிவிட்டேன். அறையில் காத்திருந்தவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அது காதிலேயே விழவில்லை. சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "எவ்ளோ நேரம் இப்டி?"

பையை எடுத்துவிட்டு, "தண்ணி ஏறுற வரைக்கும். அஞ்சு மணி, ஆறு மணி நேரம்" என்றேன்.

"இந்தப் பைல டிபன் பாக்ஸ் இருக்கு, தண்ணி பாட்டில் இருக்கு. உங்க பறி நெறஞ்சா இதைவிடக் கனமா?"

அண்ணி மூலையிலிருந்து, "இது இன்னா, பிஸ்கோத்து. நான் இதுமாரி ரெண்டு தூக்குவேன்" என்றாள் பெருமையாக.

"அப்புறம் ஏங்க்கா எதுவும் தூக்கறதில்லைன்னு சொன்னீங்க?"

அண்ணியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டாக்டரம்மா என் பின்னால் மண்டியிட்டு, பையை மறுபடி கவ்வச் சொல்லி, ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டினாள். தலை முன்னால் இழுபடுகிறது. அதைப் பிடித்து நிறுத்தப் பிடரிச் சதை பின்னால் இழுக்கிறது. அதற்கு ஈடுகொடுக்க இடுப்பு வளைகிறது. தண்ணீரில் உடம்பு மிதப்பதால் வலி தெரிவதில்லை, எழுந்து நிற்கும்போது மொத்தமாகத் தெரிகிறது. "தண்ணி உங்களுக்கு நல்லதுதாங்க்கா. தாராளமா போங்க. பல்லுல மட்டும் எதையும் பிடிக்காதீங்க. பறியோட ஒரு காலி கேனைக் கட்டி மிதக்க விடுங்க. கயிறை இடுப்புல கட்டிக்கோங்க" என்றாள்.

இதைக் கேட்டு நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். தண்ணீருக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டாளே! எனக்கோ ஆத்திரம்தான் வந்தது. "கேனைக் கட்டிக்கினு நான் எறங்குறதா? நேத்து வந்த பொண்ணுங்க மாரி? செத்தாலும் மாட்டேன்" என்று கத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். வழியெல்லாம் அண்ணியிடம் புலம்பினேன். ஊர் சிரிக்கும், கேன்காரி என்று பெயர் வைக்கும், கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கும் என் மகள் காதுவரை போகும். அண்ணி கேட்டுக்கொண்டே நடந்தாள். வெற்றிலைகூடப் போடவில்லை.

இரண்டு வாரம் அடம் பிடித்தேன். அந்த இரண்டு வாரமும் அண்ணி வந்து பத்து எண்ணினாள், கேனைப் பற்றி வாயே திறக்கவில்லை. காலையில் அந்தக் காலடிச் சத்தம் மட்டும் தினம் கேட்டது. கடைசியில் ஒரு நாள் தாங்க முடியாமல் எழுந்தேன். வீட்டில் கிடந்த எண்ணெய்க் கேனைக் கழுவி, மூடியை இறுக்கி, பறியோடு சேர்த்துக் கட்டினேன். அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, திருட்டு நாய் மாதிரி மற்றவர்கள் போன பிறகு சுற்றுவழியில் கரைக்குப் போனேன். முகத்துவாரத்துப் பக்கமிருந்து உப்புக்காற்று வீசியது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அழுகை வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீரில் வரிசையாகத் தலைகள் தெரிந்தன. கடைசித் தலைக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. கேன். அதன் கயிற்றில் பாசி பிடித்திருந்தது. அந்தத் தலை அண்ணியுடையது.

பல்லில் பறி பிடித்து ஊரையே வாய் பிளக்க வைத்த அண்ணி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் இறங்குவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி பறியை வாயிலிருந்து எடுத்தாள். இதோ ஆரம்பிக்கிறாள் என்று உடம்பெல்லாம் கூசியது. "வாடி. நீயும் கேனா? ரெண்டு வாரமா உங்கண்ணிய ஓட்டி ஓட்டி எங்களுக்கே வாய் வலிச்சிப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் பறியை மறுபடி கவ்விக்கொண்டு திரும்பிவிட்டாள். அவ்வளவுதான். எனக்கு வர வேண்டிய கிண்டலையெல்லாம் அண்ணி முன்னாலேயே வாங்கிக்கொண்டுவிட்டாள்.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கேன் அவள் கேனில் இடித்தது. வழக்கம்போல 'ம்' என்றேன்.

"இன்னாடி ம்? வாயிலதான் ஒண்ணுமில்லியே. பேசு" என்றாள் அண்ணி.

இருபத்தைந்து வருஷத்தில் தண்ணீருக்குள் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தைகள் அவை. அன்று பேசினோம் பாருங்கள், அப்படிப் பேசினோம். கை சேற்றில், வாய் ஊர்வம்பில். என் அண்ணனை மாப்பிள்ளை பார்க்க அவள் வீட்டாரோடு அவளும் வந்த அன்று, அவள் காபியில் உப்புப் போட்டது நான்தான் என்று ஒத்துக்கொண்டேன். அவளுக்கு அது அன்றைக்கே தெரியுமாம். குடித்து முடித்து டம்ளரை வைத்தாளாம், என் மானம் போகக் கூடாதென்று. மற்ற பெண்கள் வாயில் பறியோடு 'ம்ம்ம்' என்று எங்களை அதட்டினார்கள். வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தக் காலையைப் போல இன்னொரு காலை எனக்கு வாய்க்கவில்லை, இனிமேலும் வாய்க்காது.

தண்ணீர் ஏறியதும் எழுந்தோம். எனக்கு வலி இல்லை. நம்ப முடியாமல் நிமிர்ந்து நின்று இடுப்பைத் தடவிப் பார்த்தேன். அண்ணியிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். அவள் பாதி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையை முட்டியில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, இடது பக்கமாகச் சாய்ந்து, அப்புறம் மெல்ல நிமிர்ந்தாள். மூன்று மாதமாக நான் எழுந்த மாதிரியே எழுந்தாள். அவள் தினம் அப்படித்தான் எழுந்திருக்கிறாள், எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. தாடையைத் திருப்பிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வருவாளே, அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அது வலி.

"அண்ணி, உனக்கும் வலிக்குதா?"

"போடி."

"எப்பலேந்து?"

பறியிலிருந்த இறாலைக் குலுக்கிப் பார்த்தாள். "சின்னவன் பொறந்ததுலேந்து."

சின்னவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. "அடிப்பாவி! ஏன் ஒரு நாள்கூடச் சொல்லல? நான் பக்கத்துலதானே குந்திக்கினு இருந்தேன்!"

"வாயில பறி இருந்துச்சு" என்றாள். அப்புறம் கரையைப் பார்த்துக்கொண்டு, "சொன்னா மட்டும்? ஊரு சனமெல்லாம் முதுகைக் காட்டிக்கினு என்கிட்ட வருது. எனக்கு யாருடி உதைக்கிறது?" என்றாள்.

உன் காலில் ஒன்றும் கிடையாது என்று நான் கத்தியது ஞாபகம் வந்தது. அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. அழாமல் அவளைத் திட்டினேன். கரை வரைக்கும், கரையிலிருந்து வீடு வரைக்கும், அவள் சாப்பிட உட்கார்ந்த பிறகும் திட்டினேன். அவள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினாள்.

சனிக்கிழமை இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மாவிடம் எனக்கு வலி போனதைக்கூடச் சொல்லவில்லை, "இவளைப் பாரு மொதல்ல" என்று முன்னால் தள்ளினேன். அண்ணி பாயில் படுக்கவே கூச்சப்பட்டாள். ஊரையெல்லாம் குப்புறப் படுக்க வைத்தவள், தான் ஒருவர் முன்னால் படுத்ததில்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, கடைசியில் மல்லாந்தாள். முழங்காலை மடக்கினாள். டாக்டரம்மா அவள் இடுப்புக்கடியில் கையைக் கொடுத்து, "இந்தக் கையைத் தரையோட அழுத்துங்கக்கா, பத்து எண்ணற வரைக்கும்" என்றாள். அண்ணி அழுத்தினாள். இந்த முறை பல்லில் கடித்துக்கொள்ள அவளுக்கு எதுவும் இல்லை. "அம்மா, வலிக்குதே" என்று வாய்விட்டுக் கத்தினாள்.

நான் மூலையில், அவள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குந்திக்கினு இன்னாடி பாக்குறே?" என்றாள் அண்ணி, கண்ணைத் திறக்காமல். "எண்ணு."

"லாபம்" என்றேன்.